அண்டை வீட்டாரின் போர்: அமெரிக்கப் புரட்சிக் காலத்துத் தென் கரோலினா – கேள்விகளும் பதில்களும்

அமெரிக்கப் புரட்சி என்றதும் பாஸ்டன் துறைமுகத்தில் தேயிலையைக் கொட்டியதும், வாஷிங்டன் பனிக்காலத்தில் ஆற்றைக் கடந்ததும்தான் நம்மில் பலருக்கு நினைவுக்கு வரும். 1780 முதல் 1782 வரை தென் கரோலினாவின் கிராமங்களில் நடந்தது அதிகம் பேசப்படுவதில்லை. அங்கே பெரும்பாலும் இரண்டு பக்கமும் நின்றவர்கள் உள்ளூர்க்காரர்கள்தான். வழக்கமாக எழும் கேள்விகளுக்கு இங்கே பதில் சொல்லியிருக்கிறேன்.

வடக்கே நடந்த போர் தெற்கே எப்படி வந்தது?

வடக்கில் மூன்று நான்கு ஆண்டுகள் இழுத்தும் பிரிட்டனுக்கு முடிவு கிடைக்கவில்லை. தெற்கில் அரசருக்கு விசுவாசமான குடிகள் ஏராளம், படை போய் இறங்கினாலே திரண்டுவிடுவார்கள் என்று லண்டனில் நம்பினார்கள். 1780 மே 12 அன்று சார்ல்ஸ்டன் நகரம் வீழ்ந்தது. ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட புரட்சிப் படையினர் சரணடைந்தார்கள். தென் கரோலினாவில் புரட்சிக்கென்று ஒரு முறையான படையே மிஞ்சவில்லை. அதை ஈடுகட்ட வடக்கிலிருந்து வந்த படையும் ஆகஸ்டில் கேம்டன் ஊரருகே சிதறியது. அந்த வெற்றிடத்தில்தான் கெரில்லாக் குழுக்கள் முளைத்தன.

அங்கே பிரிட்டிஷ் படையை நடத்தியவர் நம் பாடப்புத்தகத்தில் நிரந்தர நிலவரித் திட்டத்தோடு வரும் அதே காரன்வாலிஸ். அவருக்குக் கீழே இருந்த ராடன் பிரபுவும் பிற்காலத்தில் இந்தியாவின் கவர்னர் ஜெனரல் ஆனவர்தான். கரோலினாவில் தோற்றவர்கள் இங்கே வந்து ஆண்டார்கள்.

ஒரே ஊர்க்காரர்கள் ஏன் இரண்டாகப் பிரிந்தார்கள்? கொள்கைதான் காரணமா?

கொள்கையும் இருந்தது. ஆனால் அது மட்டும் என்று சொன்னால் பாதி உண்மைதான்.

கடலோரத்தில் நெல்லும் அவுரியும் விளைவித்த பெரும் பண்ணைக்காரர்கள் சட்டமன்றத்தைக் கையில் வைத்திருந்தார்கள். உள்ளே தள்ளி மேட்டுப்பகுதியில் அயர்லாந்திலிருந்து வந்த ஸ்காட்டியர்களும் ஜெர்மானியர்களும் சிறு குடியானவர்களாக வாழ்ந்தார்கள். அங்கே நீதிமன்றம் கிடையாது, கொள்ளைக் கும்பல்கள் உண்டு. 1767இல் ஊர்க்காரர்களே ஆயுதம் எடுத்துக் கொள்ளையரை அடித்து விரட்டினார்கள். கடலோரத்துக்காரர்கள் அதற்கப்புறம்தான் அசைந்து கொடுத்தார்கள். 1775இல் அதே கடலோரப் பெரிய மனிதர்கள் ஆள் அனுப்பி, 'அரசர் நம் உரிமையைப் பறிக்கிறார், கையெழுத்துப் போடுங்கள்' என்றபோது, மேட்டுப்பகுதியில் பலர் முகத்தைத் திருப்பிக்கொண்டதில் வியப்பில்லை.

அதற்கு மேல் சில்லறைப் பகைகள். நில எல்லைத் தகராறு, குதிரைத் திருட்டு, ஊர்க்காவல் படையில் பதவிப் போட்டி. மோசஸ் கிர்க்லாந்து என்பவர் புரட்சிப் பக்கத்தில் பதவி வாங்கிவிட்டு, இன்னொருவருக்கு மேலான இடம் போனதும் அரசர் பக்கம் தாவினார். பழைய கணக்கைத் தீர்க்கப் புதிய கொடி கிடைத்தது என்பதுதான் பல இடங்களில் நடந்தது.

எந்தப் பக்கமும் சேராமல் சும்மா இருந்திருக்க முடியாதா?

பெரும்பாலோர் அதற்குத்தான் முயன்றார்கள். சார்ல்ஸ்டன் வீழ்ந்ததும் ஊர்க்காவல் படையினர் பலர், 'இனி ஆயுதம் எடுக்க மாட்டேன்' என்று வாக்குக் கொடுத்துவிட்டு வீட்டுக்குப் போய்விட்டார்கள். விதைப்புக் காலம் வேறு. போர் அத்தோடு முடிந்திருக்கக்கூடும்.

அதைக் கெடுத்தது ஒரு காகிதம். 1780 ஜூன் 3 அன்று பிரிட்டிஷ் தளபதி ஹென்றி கிளின்டன் ஓர் அறிவிப்பு விட்டார். ஜூன் 20 முதல் அந்த வாக்குறுதிகள் செல்லாது. எல்லாரும் அரசருக்கு விசுவாசப் பிரமாணம் எடுத்து, தேவைப்பட்டால் அரசருக்காக ஆயுதமும் ஏந்த வேண்டும். மறுத்தால் கலகக்காரர். அறிவிப்பை விட்ட சில நாளில் அவர் கப்பலேறி நியூயார்க் போய்விட்டார். விளைவை அனுபவித்தது காரன்வாலிஸ். சொந்த அயலாரைச் சுடப் போகத்தான் வேண்டும் என்றால் பழைய பக்கத்துக்கே போகிறோம் என்று நூற்றுக்கணக்கானோர் மறுபடி துப்பாக்கியை எடுத்தார்கள். கேம்டனில் வென்ற கையோடு, அரசர் படையில் சேர்ந்துவிட்டு எதிரியிடம் போனவர்கள் அகப்பட்டால் உடனே தூக்கிலிட வேண்டும் என்று காரன்வாலிஸ் உத்தரவிட்டார்.

ஐசக் ஹெய்ன் என்ற பண்ணைக்காரரின் கதையைப் பார்த்தால் இது புரியும். 1780 கோடையில் அவர் வீட்டில் பெரியம்மை. பிள்ளைகள் படுக்கையில், மனைவி சாகக் கிடக்கிறார். சார்ல்ஸ்டனுக்கு வந்தவரிடம், பிரமாணத்தில் கையெழுத்துப் போட்டால் வீட்டுக்குப் போகலாம், இல்லாவிட்டால் சிறை என்றார்கள். ஆயுதம் ஏந்தச் சொல்லமாட்டோம் என்று வாய்வார்த்தையாகச் சொன்னதை நம்பிக் கையெழுத்திட்டார். மனைவி பிழைக்கவில்லை. மறு ஆண்டு பிரிட்டிஷ் பிடி தளர்ந்தபோது, ஆயுதம் ஏந்து என்று அவரை அழைத்தார்கள். பிரமாணம் முறிந்துவிட்டது என்று கருதிய ஹெய்ன் புரட்சிப் படையில் சேர்ந்தார். 1781 ஜூலையில் பிடிபட்டார். ஆகஸ்ட் 4 அன்று முறையான விசாரணை இல்லாமலே சார்ல்ஸ்டனில் தூக்கிலிட்டார்கள். உத்தரவில் ராடன் பிரபுவுக்கும் பங்கு உண்டு.

மதக் காரணத்தால் ஆயுதம் தொடாதவர்களையும் விடவில்லை. பக்கத்து வட கரோலினாவில் மொராவியக் கிறிஸ்தவர்களின் சேலம் குடியிருப்பு இருந்தது. அவர்களிடம் ஆலை இருந்தது, மாடு இருந்தது, சாராயம் இருந்தது. இன்று புரட்சிப் படை எடுத்துப் போகும், நாளை காரன்வாலிஸ் படை வந்து எடுக்கும். இரண்டு பக்கமும் இவர்களைச் சந்தேகத்தோடுதான் பார்த்தன.

இந்தக் கெரில்லாக்கள் யார்?

முழுநேரப் போராளிகள் என்று நினைக்க வேண்டாம். சொந்தக் குதிரை, சொந்தத் துப்பாக்கி, சம்பளம் கிடையாது. அறுவடை வந்தால் பாதிப் பேர் வீட்டுக்குப் போய்விடுவார்கள். நேற்று இருநூறு பேரை வைத்திருந்த தலைவரிடம் இன்று ஐம்பது பேர்தான் இருப்பார்கள். முகாமைவிட அவர்களுக்கு வீடுதான் முக்கியம். அதனால்தான் எதிரியும் அவர்கள் வீட்டைக் குறிவைத்தான்.

பெயர் பெற்றவர்கள் இருவர். ஒருவர் பிரான்சிஸ் மேரியன். ஐம்பதை நெருங்கிய, குள்ளமான, கால் ஊனப்பட்ட மனிதர். சாண்டீ, பீடீ ஆறுகளின் சதுப்புக் காடுகளில் மறைந்து திடீரென்று தாக்குவார். 'சதுப்பு நரி' என்ற பட்டம் அதனால்தான் ஒட்டிக்கொண்டது. இன்னொருவர் தாமஸ் சம்ட்டர், 'சண்டைச் சேவல்'. இவர் ஒதுங்கி வீட்டில்தான் இருந்தார். 1780 மே கடைசியில் பானஸ்டர் டார்ல்டன் என்ற இளம் பிரிட்டிஷ் குதிரைப்படைத் தலைவனின் ஆட்கள் தேடி வந்தார்கள். சம்ட்டர் தப்பிவிட்டார். நடக்க முடியாத அவர் மனைவியை நாற்காலியோடு தூக்கி முற்றத்தில் வைத்துவிட்டு வீட்டுக்குத் தீ வைத்தார்கள். அதற்கப்புறம் சம்ட்டர் வீட்டில் இருக்கவில்லை.

'டார்ல்டன் கருணை' என்றால் என்ன?

1780 மே 29 அன்று வாக்ஸா பகுதியில் டார்ல்டனின் படை, பின்வாங்கிக்கொண்டிருந்த வர்ஜீனியப் படையொன்றை வெட்டிச் சாய்த்தது. இறந்தவர்கள் 113 பேர், படுகாயமடைந்தவர்கள் 150 பேர். சரணடையக் கொடி காட்டிய பிறகும் வெட்டினார்கள் என்பது குற்றச்சாட்டு. தன் குதிரை விழுந்ததும் தலைவன் செத்தான் என்று நினைத்துப் படையினர் வெறிகொண்டார்கள் என்பது டார்ல்டன் சொன்ன சமாதானம். எது உண்மையோ, அதன் பிறகு, இரக்கமே கிடையாது என்ற பொருளில், 'டார்ல்டன் கருணை' என்று கத்திக்கொண்டே சரணடைந்தவர்களைச் சுடுவது புரட்சிப் பக்கத்தின் வழக்கமாயிற்று. டார்ல்டனின் படையிலும் அமெரிக்காவில் திரட்டப்பட்ட அரச ஆதரவாளர்களே அதிகம்.

வீடுகளை எரித்ததில் பிரிட்டிஷ்காரர்களுக்கு என்ன லாபம்?

ஊரை அச்சுறுத்தினால் அடங்கிவிடும் என்ற கணக்கு. 1780 செப்டம்பரில் மேஜர் ஜேம்ஸ் வீம்ஸ் கிங்ஸ்ட்ரீயிலிருந்து செரா வரை, ஏறக்குறைய எழுபது மைல் நீளத்துக்கு எரித்துக்கொண்டே போனார். சுமார் ஐம்பது வீடுகளையும் பண்ணைகளையும் அழித்ததாக அவரே மேலிடத்துக்கு எழுதினார். தறிகளை உடைத்தார்கள், ஆடுகளைக் கொன்றார்கள். தறியும் ஆடும் இல்லாவிட்டால் குளிர்காலத்துக்குக் கம்பளித் துணி இல்லை. இந்தியன்டவுன் தேவாலயத்தை 'ராஜத்துரோகக் கடை' என்று சொல்லி எரித்தார்கள். அந்தச் சமயத்தில் மேரியன் வட கரோலினாவுக்குள் ஒதுங்கியிருந்தார். திரும்பி வந்தபோது, எரிந்த பகுதியிலிருந்து ஆட்கள் தாமாகவே வந்து சேர்ந்தார்கள். மேரியன் பேச்சால் திரட்ட முடியாததை வீம்ஸின் தீப்பந்தம் திரட்டிக் கொடுத்தது. நவம்பரில் டார்ல்டன் மேரியனைத் துரத்திச் சதுப்பில் தோற்றுத் திரும்பும்போதும் வழியிலிருந்த வீடுகளையும் சோளக் களஞ்சியங்களையும் எரித்தார். பாடம் கற்கவில்லை.

அப்படியானால் கொடுமை செய்தது பிரிட்டிஷ் பக்கம் மட்டும்தானா?

இல்லவே இல்லை. தொடக்கத்தையே எடுத்துக்கொள்வோம். 1775 ஆகஸ்டில், ஜார்ஜியாவின் அகஸ்டா அருகே, தாமஸ் பிரவுன் என்ற இளைஞர் புரட்சிக்காரர்களின் உறுதிமொழியில் கையெழுத்திட மறுத்தார். துப்பாக்கிக் கட்டையால் மண்டையை உடைத்தார்கள். மரத்தில் கட்டி, காலடியில் தீ வைத்து, தார் பூசி, முடியைத் தோலோடு அறுத்தார்கள். இரண்டு கால்விரல்கள் போயின. அவர் பிழைத்து, ஃபுளோரிடா போய், அரசருக்காக ஒரு படையையே திரட்டினார். 1780 செப்டம்பரில், அவர் காத்து நின்ற அகஸ்டாவை முற்றுகையிட்ட புரட்சிக்காரர்கள் பின்வாங்கியபோது, அகப்பட்ட காயம்பட்ட கைதிகளில் 13 பேர் தூக்கிலிடப்பட்டார்கள்.

1780 அக்டோபர் 7 அன்று கிங்ஸ் மவுண்டன் குன்றில் நடந்த சண்டையில் இரண்டு பக்கமும் சேர்த்து ஏறக்குறைய இரண்டாயிரம் பேர். அதில் பிரிட்டனிலிருந்து வந்தவர் என்று சொல்லத்தக்கவர் தளபதி பாட்ரிக் ஃபெர்குசன் மட்டும்தான். மற்ற எல்லாரும் அமெரிக்கர்கள். வென்ற புரட்சிக்காரர்கள் ஒரு வாரம் கழித்து வழியிலேயே ஒரு பண்ணையில் நீதிமன்றம் கூட்டி, முப்பதுக்கும் மேற்பட்டோருக்குத் தண்டனை விதித்து, ஒன்பது பேரைத் தூக்கிலிட்டார்கள். தூக்கிலிட்டவர்களுக்குத் தொங்கியவர்களின் பெயரும் ஊரும் தெரியும்.

யார் எந்தப் பக்கம் என்பது பல நேரம் தொப்பியில் செருகிய குச்சியையோ துணியையோ வைத்துத்தான் தெரியும். 1781 பிப்ரவரி 25 அன்று வட கரோலினாவில் மருத்துவர் ஜான் பைல் தலைமையில் அரச ஆதரவாளர்கள் சுமார் நானூறு பேர் போய்க்கொண்டிருந்தார்கள். எதிரே பச்சைச் சட்டைக் குதிரைவீரர்கள். டார்ல்டன் ஆட்களும் பச்சைதான் போடுவார்கள். நம்மவர்தான் என்று வழிவிட்டு ஓரமாக நின்றார்கள். வந்ததோ புரட்சித் தளபதி ஹென்றி லீயின் படை. சில நிமிடங்களில் தொண்ணூறு பேரளவில் வெட்டுண்டார்கள். பாதிப் பேருக்கு யார் வெட்டுகிறார்கள் என்பதே கடைசிவரை பிடிபட்டிருக்காது.

'இரத்தவெறி பில்' கன்னிங்ஹாம் உண்மையிலேயே அப்படிப்பட்டவனா?

வில்லியம் கன்னிங்ஹாம் 1775இல் புரட்சிப் பக்கம் சேர்ந்தவன், பிறகு மனக்கசப்பில் விலகியவன். கால் ஊனமான அவன் தம்பியைப் புரட்சிக்காரர்கள் அடித்தே கொன்றார்கள் என்றும், அதற்குப் பழிவாங்க அவன் சவானாவிலிருந்து நடந்தே வந்தான் என்றும் சொல்வார்கள். நடந்தே வந்தானா என்பதில் ஊர்ப்பேச்சு கலந்திருக்கலாம். 1781 நவம்பரில் அவன் செய்தவற்றில் அப்படிக் கலப்பில்லை. கிளவுட்ஸ் கிரீக்கில் சரணடைந்தவர்களைக் கொன்றான். ஹேயஸ் நிலையம் என்ற சிறு காவலிடத்தில் தலைவனையும் இன்னோர் இளைஞனையும் வைக்கோல் போர்க் கம்பத்தில் தூக்கிலிட்டான். கம்பம் முறிந்தது. கீழே விழுந்தவர்களை வாளால் வெட்டிவிட்டு, மற்றக் கைதிகளிலும் வேண்டாதவர்களைத் தேர்ந்தெடுத்துக் கொல்ல அனுமதித்தான். யார்க்டவுனில் காரன்வாலிஸ் சரணடைந்து ஒரு மாதம் ஆகியிருந்தது. பெரிய போர் முடிந்துவிட்டது, ஊர்ப்போர் முடியவில்லை.

பெண்களும் பிள்ளைகளும் எப்படிச் சமாளித்தார்கள்?

ஆண்கள் காட்டில் இருந்தால், கதவைத் தட்டுபவனுக்குப் பதில் சொல்வது பெண்கள். சார்ல்ஸ்டனுக்குத் தெற்கே ஒரு தீவில் இருந்த இளம் விதவை எலைசா வில்கின்சன், 1779இல் குதிரைவீரர்கள் வீட்டுக்குள் புகுந்து துணிமணி, காதணி, காலணியின் கொக்கிகள்வரை பிடுங்கிக்கொண்டதைக் கடிதங்களில் எழுதியிருக்கிறார். ரெபெக்கா மோட் என்பவரின் மாளிகையைப் பிரிட்டிஷார் கோட்டையாக்கிக்கொண்டார்கள். 1781 மே மாதம் மேரியனும் லீயும் முற்றுகையிட்டபோது, வீட்டை எரித்தால்தான் முடியும் என்றார்கள். எரித்துக்கொள்ளுங்கள் என்று அந்த அம்மாளே சம்மதித்தார். கூரையில் தீப்பிடித்ததும் உள்ளே இருந்தவர்கள் சரணடைந்தார்கள். இரண்டு தரப்பு அதிகாரிகளுக்கும் அன்று அவர் விருந்து வைத்தார் என்று சொல்வதுண்டு. வசதியுள்ளவர்களின் கதை இப்படி அழகாக நிலைத்துவிடும். தறி உடைந்த குடியானவப் பெண் என்ன செய்தாள் என்பது அப்படி நிலைப்பதில்லை.

பிள்ளைகளுக்கு ஓர் எடுத்துக்காட்டு போதும். வாக்ஸா பகுதியில் ஒரு விதவைக்கு மூன்று மகன்கள். மூத்தவன் 1779இல் ஒரு சண்டையை ஒட்டி இறந்தான். மற்ற இருவரும் 1781 ஏப்ரலில் பிடிபட்டார்கள். காலணியைத் துடை என்று ஓர் அதிகாரி சொன்னதற்குக் கடைசிப் பையன் மறுத்தான். வாள்வெட்டுக் கையிலும் தலையிலும் விழுந்தது. கேம்டன் சிறையில் இருவருக்கும் பெரியம்மை. தாய் போய் மீட்டு வந்தும் நடு மகன் இறந்தான். பிறகு சார்ல்ஸ்டனில் கைதிகளுக்குப் பணிவிடை செய்யப் போன தாயும் காய்ச்சலில் போய்விட்டார். பதினான்கு வயதில் அநாதையான அந்தப் பையன்தான் ஆண்ட்ரூ ஜாக்சன், பின்னாளில் ஜனாதிபதி.

அடிமைகளின் நிலை என்ன?

விடுதலைப் போர் என்ற சொல்லே இங்கே உறுத்தும். புரட்சிக்காரர்களின் அடிமைகள் தப்பி வந்தால் பாதுகாப்பு என்று கிளின்டன் 1779இல் அறிவித்திருந்தார். ஆயிரக்கணக்கானோர் பிரிட்டிஷ் முகாம்களுக்கு ஓடினார்கள். சார்ல்ஸ்டன் அருகிலிருந்து ஓடிய பாஸ்டன் கிங் பின்னர் தன் வரலாற்றை எழுதினார். அம்மை கண்டவர்களை முகாமிலிருந்து ஒரு மைல் தள்ளிக் கொண்டுபோய்ப் போட்டார்கள், சில சமயம் ஒரு நாள் முழுக்கச் சோறும் தண்ணீரும் கிடையாது என்கிறார். ஒரு சிப்பாய் கொண்டுவந்து கொடுத்ததால் பிழைத்தார். நோவா ஸ்கோஷியா வழியாகக் கடைசியில் சியரா லியோன் போய்ச் சேர்ந்தார்.

புரட்சிப் பக்கம் இதைவிட மோசம். 1781இல் சம்ட்டர் ஆள் சேர்க்க ஒரு திட்டம் போட்டார். பத்து மாதம் பணியாற்றும் சிப்பாய்க்குச் சம்பளம், வளர்ந்த அடிமை ஒருவர். பதவி உயர உயர எண்ணிக்கையும் கூடும். எதிர்த்தரப்புப் பண்ணைகளில் பிடித்து வந்து பங்கு போடுவார்கள். 'சம்ட்டர் சட்டம்' என்றே பெயர் வந்துவிட்டது. கைகாசு இல்லாத படைக்கு மனிதர்களே நாணயம். தாய் ஒரு சிப்பாயின் பங்கு, பிள்ளை இன்னொருவன் பங்கு என்று ஆகும். மேரியன் இதை ஏற்கவில்லை. அவரும் அடிமைகளை வைத்திருந்தவர்தான் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

செரோக்கிப் பழங்குடி மக்கள்?

1776லேயே அவர்கள் எல்லைக் குடியிருப்புகளைத் தாக்க, ஆண்ட்ரூ வில்லியம்சன் தலைமையில் போன படை அவர்களின் ஊர்களையும் சோளக் கொல்லைகளையும் எரித்தது. மறு ஆண்டு உடன்படிக்கையில் தென் கரோலினாவில் இருந்த நிலத்தில் பெரும்பகுதி போயிற்று. அதே வில்லியம்சன் 1780இல் பிரிட்டிஷ் பாதுகாப்பை ஏற்றுக்கொண்டார். ஐசக் ஹெய்ன் கடைசியாகப் போய்ப் பிடித்து வந்தது அவரைத்தான்.

ஊரில் சாப்பிட என்ன மிஞ்சியது?

உப்பே கிடைக்கவில்லை. உப்பில்லாமல் இறைச்சியைப் பதப்படுத்த முடியாது. மேரியன் கைப்பற்றிய உப்பைத் தம் பக்கக் குடும்பங்களுக்கு அளந்து கொடுத்தார். துப்பாக்கியைவிட அந்த உப்புதான் அவருக்கு ஆதரவைக் கட்டிக்காத்தது என்பது என் எண்ணம்.

1782இல் புரட்சிப் பக்கத்து ஜெனரல் வில்லியம் மோல்ட்ரி, கைதியாக இருந்து விடுபட்டபின் சுமார் நூறு மைல் பயணம் போனார். முன்பு மாடும் பன்றியும் மானும் நிறைந்திருந்த நாட்டில் ஒன்றுகூடக் கண்ணில் படவில்லை என்று எழுதினார். அணிலும் பறவையும்கூட இல்லை. பழைய முகாம்களில் எலும்பைக் கொத்தும் பிணந்தின்னிக் கழுகுகள் மட்டும் இருந்தன.

இந்தக் கெரில்லாப் போரால்தான் புரட்சி வென்றதா?

தனியாக இல்லை. பிரிட்டிஷாரின் தானிய வண்டிகளையும் தபால்காரர்களையும் இவர்கள் மறித்தார்கள். அதே நேரத்தில் தெற்கே புரட்சிப் படையின் தளபதியாக வந்த நதேனியல் கிரீன் முறையான படையை வைத்து அலைக்கழித்தார். இரண்டும் சேர்ந்துதான் பலன் தந்தது. கிரீனுக்குக் கெரில்லாக்கள்மேல் மயக்கம் எதுவும் இல்லை. 1780 டிசம்பரில் வந்து இறங்கியவுடனே, இரண்டு கட்சியாரும் காட்டு விலங்குகளைப்போல ஒருவரையொருவர் வேட்டையாடி நாட்டையே பாழாக்கிவிடுவார்கள் என்ற பொருளில் எழுதினார்.

போர் முடிந்ததும் சமாதானம் ஆனார்களா?

1782 தொடக்கத்தில் ஜாக்சன்பரோவில் கூடிய சட்டமன்றம் அரச ஆதரவாளர்களின் சொத்தைப் பறிமுதல் செய்யச் சட்டம் இயற்றியது. டிசம்பர் 14 அன்று பிரிட்டிஷார் சார்ல்ஸ்டனை விட்டுக் கிளம்பினார்கள். அதையொட்டிச் சுமார் 3,800 வெள்ளையர்களும் 5,000க்கும் மேற்பட்ட கறுப்பின மக்களும் கப்பலேறினார்கள். கறுப்பின மக்களில் பெரும்பாலோர் எஜமானர்களோடு அடிமைகளாகவே ஃபுளோரிடாவுக்கும் ஜமைக்காவுக்கும் போனார்கள். பிற்பாடு பறிமுதல் பட்டியலில் இருந்த பலருக்குச் சட்டமன்றமே சலுகை கொடுத்தது. கடலோரத்தில் சமரசம் ஓரளவு எளிதாக நடந்தது.

மேட்டுப்பகுதியில் அப்படி இல்லை. 1784இல் நைன்டி சிக்ஸ் என்ற ஊரில் நீதிபதி ஏடனஸ் பர்க் முன்னால் மாத்யூ லவ் என்பவரைக் கொண்டுவந்தார்கள். ஹேயஸ் நிலையத்தில் கன்னிங்ஹாமோடு நின்றவர். பர்க்கோ பழிவாங்கல் வேண்டாம், மன்னிப்போம் என்று முந்தைய ஆண்டு துண்டுநூலே எழுதியவர். சமாதான உடன்படிக்கைப்படி வழக்குத் தொடுக்க முடியாது என்று லவ்வை விடுதலை செய்தார். நீதிமன்றத்திலிருந்தே கொலையுண்டவர்களின் உறவினர்கள் லவ்வைப் பிடித்துக் கொண்டுபோய்ப் பக்கத்திலேயே தூக்கிலிட்டார்கள்.

பறிகொடுத்தவர்களுக்கு இழப்பீடு கிடைத்ததா?

அரச ஆதரவாளர்களுக்காக லண்டன் 1783இல் ஓர் ஆணையம் அமைத்தது. பத்திரமும் சாட்சியும் உள்ளவர்களுக்குத்தான் அது உதவியது. புரட்சிப் பக்கத்தில், படைக்குக் கொடுத்த மாடு, சோளம், குதிரைக்கெல்லாம் தென் கரோலினா அரசு கணக்குப் பார்த்துக் கடன்சீட்டு வழங்கியது. விதவைகள் போட்ட மனுக்களும் அந்தக் கோப்புகளில் உள்ளன. சீட்டுக் கிடைத்தாலும் ரொக்கமாக மாற வழியில்லை. வரி கட்டவும் விதை வாங்கவும் பலர் அதை வந்த விலைக்கு விற்றார்கள். 1790இல் ஒன்றிய அரசு மாநிலங்களின் கடனை ஏற்றுக்கொண்டபோது, சீட்டை வாங்கிக் குவித்திருந்த வியாபாரிகளுக்கு நல்ல லாபம்.